பள்ளி மழைநீர்ப் பணிக்கு இன்னும் ரூ.1,37,500 தேவை

முடிச்சூர் பெருமக்களுக்கும் வெளியூர்களில் வாழும் முன்னாள் மாணவர்களுக்கும் வணக்கம்.

புரட்டாசி பிறக்கப் பத்து நாள்களே உள்ளன. பள்ளிக் கிணற்றைத் தூர்வாரி மழைநீரை அதில் சேர்த்து, மைதானத்தில் உறிஞ்சு குழிகளும் தோண்டும் வேலை முடிய இருபது நாள் ஆகும் என்கிறார் மேஸ்திரி. ஐப்பசி அடைமழை பிடித்துவிட்டால் குழி தோண்ட முடியாது.

நம் பள்ளிக் கிணற்றின் கதை இளையவர்களுக்குத் தெரியாது. கீற்றுக் கொட்டகையில் பள்ளி நடந்த காலத்தில், வீட்டுக்கு ஓர் ஆள் இறங்கி, கூலி வாங்காமல் வெட்டிய கிணறு அது. வெட்டியவர்களுக்குக் கூழும் மோரும் சுமந்துவந்த பாட்டிமார் சிலர் இன்றும் நம்மோடு இருக்கிறார்கள். எந்தக் கோடையிலும் வற்றாத கிணறு என்று சொல்லும்போதே அவர்கள் முகம் மலர்ந்துவிடும். அந்தக் கிணற்றில்தான் பின்னாளில் நாம் குப்பையைக் கொட்டித் தூர்த்தோம். 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை கொட்டி அடையாறு பெருகியபோது வகுப்பறைப் பெஞ்சுகள் மிதந்தன. 2019 கோடையில் அதே பிள்ளைகள் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றார்கள்.

2015 போன்ற வெள்ளத்தை இந்தப் பணி தடுத்துவிடும் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் ஆண்டுதோறும் சாதாரண மழைக்கே மைதானம் குளமாகித் தெருவுக்கு வழிகிறதே, அதைக் குறைக்கலாம். பள்ளியின் மாடிப் பரப்பு 800 சதுர மீட்டர். 10 செ.மீ. மழைக்கு அதிலிருந்து மட்டும் 80,000 லிட்டர் தண்ணீர் இறங்குகிறது. அது குழாய் வழியே மணலும் கூழாங்கல்லும் நிரப்பிய வடிகட்டித் தொட்டிக்கு வந்து, கிணற்றில் சேரும். மைதானத்து நீரை நான்கு உறிஞ்சு குழிகள் வாங்கிக்கொள்ளும்.

கிணறு தூர்வாரி உறை இறக்க ரூ.1,10,000. குழாய், வடிகட்டித் தொட்டிக்கு ரூ.95,000. குழிகளுக்கு ரூ.1,60,000. ஆக மொத்தம் ரூ.3,65,000. வந்தது ரூ.2,27,500.

இதுவரை கொடுத்தவர்களை எப்படி வாழ்த்துவது! ஒரு மாத ஓய்வூதியத்தை அப்படியே தந்த ஆசிரியர் ஐயாவுக்கும், இட்லிக் கடை வருமானத்தில் ரூ.5,000 எடுத்து வைத்த அம்மாவுக்கும், உண்டியலை உடைத்துச் சில்லறையை மேசைமேல் கொட்டிய ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும், பாதிக் கூலி போதும் என்ற கொத்தனார் தம்பிகளுக்கும் கைகூப்பி நன்றி. அம்மன் அவர்கள் குடும்பங்களைக் காப்பாள்.

கூட்டத்தில் எழுந்து தொகை சொன்ன பதினேழு பேர் இன்னும் செலுத்தவில்லை. உண்டியல் உடைத்த பிள்ளைகள் அந்தக் கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். இந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் படித்து, இன்று மாடிவீடு கட்டியிருப்பவர்களுக்கு இதற்கு மேலும் நாங்கள் சொல்ல வேண்டுமா?

பணத்தைத் தலைமையாசிரியர் அறையில் கட்டி ரசீது பெற்றுக்கொள்ளுங்கள். பணமாகத் தர இயலாதவர்கள் ஒரு லோடு ஜல்லியோ மணலோ தரலாம், ஞாயிறு காலை மண்வெட்டியோடும் வரலாம். வரவு செலவுக் கணக்கு ஒவ்வொரு சனிக்கிழமையும் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும்.

இங்ஙனம்,
பள்ளி மழைநீர்ப் பணிக் குழுவினர்