மருமகளுக்கு எந்த எபிசோடிலிருந்து காட்டுவது

அன்புள்ள கண்ணா,

உன் மனைவி டாக்டர் ஹூ என்ற பிரிட்டிஷ் அறிவியல் புனைவுத் தொடரைப் பார்க்க ஆசைப்படுகிறாள், எதிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று கேட்டிருந்தாய். கூடவே நீயே ஒரு பட்டியலும் அனுப்பியிருந்தாய். பார்த்தேன். முக்கால்வாசி பிரபஞ்சம் அழியப்போகிற கதைகள். எதிரிகளான டாலெக்குகள் கூட்டம் கூட்டமாகப் பறந்து வரும், வானம் கிழியும், காலத்தில் பயணம் செய்யும் வேற்றுக்கிரகவாசியான டாக்டர் கத்திப் பேசுவார். நன்றாகத்தான் இருக்கும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பெண்ணுக்கு இவர்களில் ஒருத்தரையும் தெரியாதே. தெரியாதவர்களுக்காக எப்படிப் பதறுவாள்?

எனக்குப் பிடித்தவை வேறு மாதிரி. டாக்டர் ஓரமாக நிற்பார், அல்லது கையைப் பிசைந்துகொண்டிருப்பார். பெயர் சொல்லும்படி இல்லாத யாரோ ஒருத்தர் எழுந்து வந்து கதையை முடித்து வைப்பார். 2005-இலிருந்து வந்ததையெல்லாம் வரிசையாகப் பார்த்தபோது என் மனதில் தங்கியது முழுக்க அப்படிப்பட்டவைதான். இந்தக் கடிதத்தை அவளிடம் காட்டிவிடாதே. முடிவுகளை எல்லாம் சொல்லப் போகிறேன்.

முதலில் அவள் பயத்தைத் தெளிவித்துவிடு. 1963-இல் தொடங்கிய தொடர் என்றதும் மலைத்துப் போயிருப்பாள். பழசு எதுவும் பார்க்கத் தேவையில்லை. 1989-இல் நின்றது, 1996-இல் ஒரே ஒரு டிவி படமாக எட்டிப் பார்த்துவிட்டுப் போனது, அப்புறம் 2005 மார்ச் 26 அன்று ரஸ்ஸல் டி டேவிஸ் கையால் மறுபடி உயிர் பெற்று வந்தது. அவர் செய்ததிலேயே கெட்டிக்காரத்தனம், முதல் எபிசோடுக்கு 'ரோஸ்' என்று பெயர் வைத்ததுதான். லண்டனில் ஒரு பெரிய கடையில் வேலை பார்க்கும் பெண்ணின் பெயர் அது. அவள் காலையில் அலாரம் அடித்து எழுந்திருப்பதில் கதை தொடங்குகிறது. அவளுக்கு டாக்டரைப் பற்றி எதுவும் தெரியாது, நமக்கும் தெரியாது, இரண்டு பேரும் சேர்ந்தே தெரிந்துகொள்கிறோம். அதே எபிசோடில் ஒரு குப்பைத்தொட்டி ஆளை விழுங்கிவிட்டு ஏப்பம் விடும். சிரித்துவிட்டுத் தாண்டச் சொல். கொஞ்சம் தள்ளி பிரதமர் வீட்டில் வேற்றுக்கிரகவாசிகள் வாயு விட்டபடி சதி செய்கிற இரண்டு எபிசோடு வருகிறது. அதற்கு அவளைத் தனியாக விட்டுவிட்டு நீ பாத்திரம் கழுவப் போகலாம்.

டாக்டர் அவ்வப்போது உருமாறுவார், நடிகரும் மாறுவார். அதில் 2005-இல் டாக்டராக வந்த கிறிஸ்டோபர் எக்கிள்ஸ்டனின் சீசனை விட்டுவிட்டு நேராக அடுத்து வந்த டேவிட் டெனன்டுக்குப் போகலாம் என்று எழுதியிருக்கிறாயே, அது மட்டும் கூடாது. அவர் இருந்தது ஒரே சீசன், பதின்மூன்று எபிசோடு. அதற்குள் 'டாலெக்' இருக்கிறது. பார்த்தால் சிரிப்பு வரும் அந்தத் தகர டப்பாவை, ஒரே ஒன்றை மட்டும் சங்கிலியில் கட்டிப்போட்டு, அதற்காகவும் நம்மை வருந்த வைத்த கதை. அதற்குள்தான் 'ஃபாதர்ஸ் டே'யும் இருக்கிறது. பால் கார்னல் எழுதியது. உன் பட்டியலில் அது இல்லாதது எனக்கு ஆச்சரியம்.

ரோஸ் கைக்குழந்தையாக இருந்தபோதே, 1987-இல், அவள் அப்பா பீட் கார் மோதி இறந்துவிடுகிறார். தெருவில் தனியாகக் கிடந்து செத்தார், பக்கத்தில் யாருமில்லை என்று அம்மா சொல்லி வளர்த்திருக்கிறாள். அந்த நேரத்தில் போய் அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் ரோஸ் கேட்பது. போகிறாள். கை பிடிப்பதற்குப் பதிலாக ஓடிப்போய் அவரைத் தள்ளிக் காப்பாற்றிவிடுகிறாள். காலத்தில் ஓட்டை விழுகிறது, சிறகு முளைத்த ஜந்துக்கள் வந்து ஆட்களைத் தின்கின்றன, மிச்சமிருப்பவர்கள் ஒரு கல்யாணத்துக்காகக் கூடிய தேவாலயத்துக்குள் கதவை அடைத்துக்கொள்கிறார்கள். ஜந்துக்களை விடு, கிராபிக்ஸ் இன்றைக்குப் பரிதாபமாகத்தான் தெரியும்.

நான் சொல்ல வந்தது உள்ளே நடப்பதை. அம்மா புகழ்ந்து புகழ்ந்து வளர்த்த அப்பா நேரில் பார்த்தால் அப்படி ஒன்றும் பெரிய ஆள் இல்லை. ஆகாத வியாபாரமெல்லாம் செய்து கையைச் சுட்டுக்கொள்கிறவர். புருஷனும் பெண்டாட்டியும் வாசலிலேயே சண்டை போடுகிறார்கள். ஆனால் இந்த மனுஷன் மட்டியில்லை. ரோஸ் யார் என்பதைத் தானாகவே கண்டுபிடித்துவிடுகிறார். பிற்காலத்தில் நான் நல்ல அப்பாவாக இருந்தேனா என்று கேட்கிறார். ரோஸ் அள்ளி விடுகிறாள்: தினமும் கதை படித்துக் காட்டினீர்கள், வாரம் தவறாமல் வெளியே கூட்டிப் போனீர்கள், ஒரு நாளும் ஏமாற்றவில்லை என்று. அவர் முகத்தைப் பார். அது நான் இல்லை என்று அவருக்குத் தெரிந்துவிடுகிறது. தான் அங்கே இருந்ததே இல்லை என்பதும், ஏன் இல்லை என்பதும். தேவாலயத்தைச் சுற்றிச் சுற்றித் தோன்றி மறையும் அந்தக் கார் எதற்கு வருகிறது என்பதும் புரிந்துவிடுகிறது. தான் செத்தால்தான் காலத்தின் ஓட்டை அடையும் என்று, கல்யாணப் பரிசாக வாங்கிய ஜாடியோடு அந்தக் காருக்கு முன்னால் ஓடுகிறார்.

அப்போது டாக்டர் அங்கே இல்லை, ஜந்துக்கள் விழுங்கிவிட்டன. யாரும் அந்த மனுஷனுக்கு வழி சொல்லவில்லை. நடக்காததையெல்லாம் சொல்லிப் பிள்ளை தன்னைப் பெரிதாக்குகிறது என்று புரிந்துகொண்டு, ஒரே ஒரு முறையாவது அந்தப் பொய்க்குத் தகுந்த அப்பாவாக நடந்துகொள்கிறார். பெற்றவர்களுக்கு இந்த இடம் வேறு மாதிரி உறைக்கும். நீங்களும் எங்களைப் பற்றி வெளியில் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வீர்கள் என்று எங்களுக்குத் தெரியாதா என்ன. அதே எபிசோடில் இன்னொரு சின்னக் காட்சி: கல்யாணம் ஆகவேண்டிய ஜோடி, நாங்கள் முக்கியமானவர்கள் இல்லையே என்கிறார்கள். எங்கே சந்தித்தீர்கள் என்று டாக்டர் கேட்கிறார். இரவு இரண்டு மணிக்கு, தெருமுனையில், டாக்ஸிக்கு நின்றபோது. அப்படி ஒரு வாழ்க்கை தனக்குக் கிடைத்ததில்லை என்கிறார் அவர். இத்தனை வருட ஓட்டத்தில் எனக்கு இதைவிடப் பிடித்த பேச்சு இல்லை.

அடுத்து அதே சீசனில் 'தி எம்ப்டி சைல்ட்', 'தி டாக்டர் டான்சஸ்'. இரண்டு பாகம், ஸ்டீவன் மாஃபட் இந்தத் தொடருக்கு எழுதிய முதல் கதை. அறிவியல் புனைவுக்குத் தரும் ஹியூகோ விருது வாங்கியது. 1941 லண்டன், குண்டு மழை. விமானத் தாக்குதல் சங்கு ஊதியதும் பணக்காரர்கள் சாப்பாட்டு மேசையை விட்டுப் பதுங்குகுழிக்கு ஓடுவார்கள். அந்த நேரம் பார்த்து நான்சி என்ற பெண் தெருப்பிள்ளைகளைக் கூட்டி வந்து அதே மேசையில் உட்காரவைத்துச் சாப்பாடு போடுவாள். நாகரிகமாகச் சாப்பிடவேண்டும் என்று அதட்டவும் செய்வாள். வாயு முகமூடி ஒட்டிய ஒரு குழந்தை, நீதான் என் அம்மாவா என்று கேட்டபடி தெருத்தெருவாக அலைகிறது. உனக்கு அது பேய்க்கதை. எனக்கு அது, மணமாகாமல் பெற்ற பிள்ளையைத் தம்பி என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்த ஒரு சின்னப் பெண்ணின் கதை. ஆம், நான்தான் உன் அம்மா என்று அவள் சொல்லிக் கட்டிக்கொள்ளும் வரைக்கும் டாக்டரின் அறிவுக்கு அங்கே வேலையே இல்லை.

'பிளிங்க்' பற்றி உன்னோடு சண்டை வேண்டாம். 2007-இல் வந்தது. ஒரே நேரத்தில் இரண்டு எபிசோடு படம்பிடிக்க வேண்டியிருந்ததால் டாக்டருக்கு அதில் சில நிமிஷம்தான் இடம் கிடைத்தது. அந்த நெருக்கடியில்தான் இத்தனை அழகாக ஒன்று பிறந்தது. கண் சிமிட்டினால் நகரும் கல் தேவதைகளைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு அந்த போலீஸ்காரர் பில்லிதான். கேரி மல்லிகன் நடித்த கதாநாயகி சாலியிடம் சற்றுமுன்தான் போன் நம்பர் வாங்கினார். தேவதை தொட்டு 1969-க்குப் போய்விடுகிறார். சில நிமிஷத்தில் சாலியின் போன் அடிக்கிறது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிழவராகப் படுத்திருக்கிறார். ஒரு வாழ்நாள் முழுக்க அவர் காத்திருந்திருக்கிறார், வெளியே அதே மழை இன்னும் விடவில்லை. காலப் பயணம் என்றால் என்ன என்று அவளுக்கு நீ விளக்க வேண்டாம், அந்தக் காட்சியே விளக்கிவிடும்.

இதற்கு எதிர்ப்பக்கம் 'மிட்நைட்', 2008. வெயில் பட்டாலே சாகிற ஒரு கிரகத்தில் ஒரு சுற்றுலா வண்டி நின்றுபோகிறது. பயணிகளில் ஒரு பெண்ணுக்குள் என்னவோ புகுந்து, மற்றவர்கள் பேசுவதைத் திருப்பிச் சொல்கிறது, பிறகு கூடவே சொல்கிறது, பிறகு முந்திக்கொண்டு சொல்கிறது. லெஸ்லி ஷார்ப் அதை எப்படி நடித்தார் என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. டாக்டரிடம் இருப்பது பேச்சு ஒன்றுதான். அந்தப் பேச்சையே அது எடுத்துக்கொள்கிறது. பயணிகள் எல்லோரும் சேர்ந்து அவரையே வெளியே தூக்கிப் போடப் பார்க்கிறார்கள். அதில் ஒரு குடும்பம் வருகிறது: அப்பா, அம்மா, வயசுப்பிள்ளை. அந்த அம்மா கெட்டவள் இல்லை, பயந்தவள். அதைப் பார்க்கத்தான் எனக்குக் குளிர்ந்துபோனது. கடைசியில் எல்லோரையும் காப்பாற்றி உயிரைக் கொடுப்பவள் வண்டிப் பணிப்பெண். அவள் பெயர் என்ன என்று டாக்டர் கேட்கிறார், ஒருத்தருக்கும் தெரியவில்லை. உள்ளே புகுந்தது எது என்று கதை காட்டுவதே இல்லை. 2025-இல் 'தி வெல்' என்ற எபிசோடில் அதைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். மோசமில்லை, ஆனால் எனக்குத் தேவைப்படவில்லை.

'வின்சென்ட் அண்ட் தி டாக்டர்' அவளுக்குக் கண்டிப்பாகப் பிடிக்கும். ரிச்சர்ட் கர்ட்டிஸ் எழுதியது, 2010. கண்ணுக்குத் தெரியாத ராட்சசப் பிராணி ஒன்று வரும், அது கணக்கில்லை. ஓவியர் வான்கோவைப் பாரிஸ் அருங்காட்சியகத்துக்குக் கூட்டி வந்து, தன் படங்களைச் சுற்றி நிற்கும் கூட்டத்தை அவருக்கே காட்டும் இடத்தில் பின்னணியில் ஒரு பாட்டை உரக்கப் போட்டிருக்கிறார்கள். அதைக் குறைத்திருக்கலாம், டோனி கர்ரனின் முகமே போதும். ஆனால் அதற்கப்புறம் வருவதுதான் கதை. இனி அவர் நீண்ட நாள் வாழ்ந்திருப்பார், நிறையப் புதுப் படங்கள் இருக்கும் என்று டாக்டரோடு பயணம் செய்யும் ஏமி துள்ளிக்கொண்டு திரும்பி ஓடி வருகிறாள். ஒன்றும் மாறவில்லை. 37 வயதிலேயே போய்விட்டார். ஒரு நல்ல நாள் நோயைத் தீர்த்துவிடும் என்று அவர்கள் பொய் சொல்லவில்லை. அந்த நல்ல நாள் வீண் என்றும் சொல்லவில்லை.

உன் பட்டியலில் ஜோடி விட்டேக்கர் என்ற நடிகை டாக்டராக இருந்த காலத்து எபிசோடு ஒன்றுகூட இல்லை. 2018-இல் வந்த 'டீமன்ஸ் ஆஃப் தி பஞ்சாப்' பற்றி உனக்கு நினைவில்லையா? விநய் படேல் எழுதியது. டாக்டரோடு பயணம் செய்யும் யாஸ் தன் பாட்டியின் இளமைக் காலத்தைப் பார்க்க 1947 ஆகஸ்டுக்குப் போகிறாள். பாட்டி உம்ப்ரீன் முஸ்லிம், மாப்பிள்ளை பிரேம் இந்து. எல்லைக்கோடு அவர்கள் நிலத்துக்குக் குறுக்கே விழுகிறது. வந்திருக்கும் வேற்றுக்கிரகவாசிகள்தான் கொலைகாரர்கள் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்க, அவர்கள் ஆதரவற்றுச் சாகிறவர்களுக்குச் சாட்சியாக நிற்க வந்தவர்கள் என்று தெரிகிறது. கொலை வீட்டுக்குள்ளேயே இருக்கிறது, பிரேமின் சொந்தத் தம்பி மனதில். டாக்டர் செய்வது கல்யாணத்தை நடத்தி வைப்பது, அப்புறம் முதுகைத் திருப்பிக்கொண்டு நடப்பது, அவ்வளவே. பாட்டி பிற்பாடு வேறொருவரை மணந்ததால்தான் யாஸ் பிறந்தாள், கொலையைத் தடுத்தால் யாஸே இல்லை. கடைசிப் பாட்டுக்கு நம் குரல்களை வைத்துத் தொடரின் இசையையே மாற்றிப் போட்டிருப்பார்கள், அதைத் தள்ளிவிடாமல் முழுசாகக் கேட்கச் சொல்.

'ஹெவன் சென்ட்' உன் முதலிடம். இங்கே என் கணக்கு உதைக்கிறது, ஏனென்றால் அதில் டாக்டராக வரும் பீட்டர் கபால்டி ஏறக்குறையத் தனியாக இருக்கிறார், ஒதுங்கி நிற்க ஆளே இல்லை. வைரத்தைவிடக் கடினமான சுவரை வெறும் கையால் குத்துகிறார், சாகிறார், மறுபடி உருவாகி வந்து குத்துகிறார், 450 கோடி வருஷம். அதுவும் பெரிய எபிசோடுதான். இழப்பு வந்த வீட்டில் ஒவ்வொரு காலையும் முதல் காலைதான் என்பதை அதைவிட நன்றாக யாரும் காட்டவில்லை. ஆனால் அவர் இழந்த தோழி கிளாராவைத் தெரியாமல் பார்த்தால் அவளுக்கு அது ஒரு கிழவர் சுவரைக் குத்தும் கதை. பொறுமையாகக் கடைசியில் வை.

ஆகவே வரிசை இது. 'ரோஸ்', 'டாலெக்', 'ஃபாதர்ஸ் டே', அப்புறம் முகமூடிக் குழந்தை. இவற்றில் அவள் விழவில்லை என்றால் 'பிளிங்க்' போடு, அதைத் தனியாகவே பார்க்கலாம். அதிலும் விழவில்லை என்றால் விட்டுவிடு, வற்புறுத்தாதே, வேறு எதாவது பாருங்கள். 'மிட்நைட்' மட்டும் தூங்கப் போகும் நேரத்தில் வேண்டாம்.

எது பிடித்தது என்று அவளையே எனக்கு எழுதச் சொல். நீ எழுதினால் அவள் பெயரைப் போட்டு உனக்குப் பிடித்ததை எழுதிவிடுவாய்.

அன்புடன்,
அம்மா