ஆண்டறிக்கை 2025–26: கறுப்புச் சட்டைப் படம்

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பெங்களூர் அல்சூரில் இயங்கும் நமது திரைப்பட வட்டத்தின் 2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரையிலான அறிக்கையைப் பொதுக்குழு முன் வைக்கிறேன். செயற்குழு ஆறு முறை கூடியது. மாதத் திரையிடல்களில் இரண்டு நடக்கவில்லை. ஒன்றுக்கு மழை காரணம், இன்னொன்றுக்கு நம்மிடம் சொல்லாமலே மண்டபத்தை நிச்சயதார்த்தத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். புத்தக அலமாரிக்குப் பூட்டு போட்டாகிவிட்டது. வழக்கமான சங்கதிகள் இவ்வளவுதான். மீதி ஆண்டை ஒரே ஒரு படம் தின்றுவிட்டது. அதனால் அறிக்கையும் பெரும்பாலும் அதைப் பற்றித்தான்.

ஏப்ரல் கூட்டத்துக்கு மூன்று கல்லூரி மாணவர்கள் வந்தார்கள். இருவர் நம் உறுப்பினர்களின் பிள்ளைகள், மூன்றாவது அவர்களுடைய கன்னட நண்பன். ஹெவி மெட்டல் என்ற, மின்கிட்டார் அதிர வாசிக்கும் ராக் இசைக்குப் பெங்களூரில் இருக்கும் கறுப்பு டி-ஷர்ட் ரசிகர்களைப் பற்றிக் குறும்படமாக ஓர் ஆவணப்படம் எடுக்கப் போகிறோம், சங்கத்தின் ஒலிப்பதிவுக் கருவியும் கொஞ்சம் பணமும் வேண்டும் என்று கேட்டார்கள். அறிவிப்புப் பலகையில் நான் "கறுப்புச் சட்டைக்காரர்களைப் பற்றிய படம்: ஆலோசனைக் கூட்டம்" என்று எழுதிப் போட்டிருந்தேன். அதைப் பார்த்துவிட்டுப் பெரியார் படம் என்று நம்பி மூன்று மூத்த உறுப்பினர்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். தவறு என்னுடையதுதான். ஆனால் வந்தவர்கள் கடைசிவரை எழுந்து போகவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

எதிர்ப்பு துணைத் தலைவரிடமிருந்து வந்தது. "கத்துறதைப் படம் எடுக்கச் சங்கப் பணமா?" என்று கேட்டார். நானும் மனதுக்குள் அவர் பக்கம்தான் இருந்தேன். 2007 மார்ச் 17 அன்று அரண்மனை மைதானத்தில் அயர்ன் மெய்டன் என்ற மெட்டல் குழு வாசித்தபோது, மேக்ரி சர்க்கிளில் நகராத பஸ்ஸில் நின்றுகொண்டு, சாரை சாரையாக நடந்துபோன கறுப்பு டி-ஷர்ட் பையன்களைத் திட்டியவர்களில் நானும் ஒருவன். அது அந்த இசைக்குழுவின் முதல் இந்தியக் கச்சேரி என்பதும், அடுத்த ஆண்டு மெகாடெத்தும் 2011 அக்டோபர் 30 அன்று மெட்டாலிகாவும் அதே மைதானத்துக்கு வந்தார்கள் என்பதும் இந்தப் பிள்ளைகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மெட்டாலிகா அதற்கு இரண்டு நாள் முன்பு குர்கானில் வாசிக்க வேண்டியது. அங்கே ஏற்பாடு சரியில்லாமல் ரத்தாகிவிட, பெங்களூரில்தான் இந்தியாவின் முதல் கச்சேரி நடந்தது. பெரிய பெயர்கள் வருவதற்கு முன்பே, 90களிலேயே, இங்கே டையிங் எம்பிரேஸ், கிரிப்டோஸ் போன்ற உள்ளூர்க் குழுக்கள் இருந்தன. கிரிப்டோஸ் 2013இல் ஜெர்மனியின் வாக்கன் மெட்டல் இசை விழா மேடை ஏறிவிட்டு வந்தது. நம் தெருவில் பாதிப் பேருக்கு இது தெரியாது.

துணைத் தலைவரை மாற்றியது இந்த விவரங்கள் எதுவும் இல்லை. ஒரு விரல்தான் மாற்றியது. மெட்டல் எங்கே தொடங்கியது என்று மாணவர்கள் மூவரில் இருந்த பெண் விளக்கிக்கொண்டிருந்தாள். இங்கிலாந்தில் பர்மிங்காம், தொழிற்சாலை ஊர், பிளாக் சாபத் குழு. அதன் கிட்டார்க்காரர் டோனி அயோமி 17 வயதில் தகடு வேலை செய்யும் ஒரு தொழிற்சாலையில் இருந்தார். வேலையை விட்டு நின்றுகொள்ள வேண்டிய கடைசி நாள். வழக்கமாக வெல்டிங் செய்கிறவரை, ஆள் வரவில்லை என்று பிரஸ் மிஷினில் நிறுத்தினார்கள். வலது கையின் நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனியும் போயின. அவர் இடது கைக்காரர், ஆகவே தந்தியை அழுத்துகிற கையே அதுதான்.

துணைத் தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அந்த மிஷினுக்குக் கை உள்ள போகாம தடுக்குற கார்டு போடலையா?" என்று கேட்டார். அவர் நாற்பது வருடம் தகட்டுப் பிரிவில் வேலை பார்த்தவர். அவருடைய இடது ஆள்காட்டி விரலைப் பார்த்தவர்களுக்கு நான் மேலே சொல்ல வேண்டியதில்லை. அப்புறம் அவர் கேட்டதெல்லாம் வேலைக் கேள்விகள். விரலுக்கு என்ன செய்தார்? பாத்திரம் கழுவும் திரவ பாட்டில் பிளாஸ்டிக்கை உருக்கி, தொப்பி மாதிரி செய்து, மேலே தோல் ஒட்டிக்கொண்டார். தந்தி அறுக்காதா? மெல்லிய பாஞ்சோ தந்தி கட்டினார். பின்னால் சுருதியையும் இறக்கி, தந்தியைத் தளர்த்தி வாசித்தார். அந்தத் தொளதொளத்த கனமான ஒலியைத்தான் உலகம் முழுக்க இன்னும் வாசிக்கிறார்கள் என்றான் மூவரில் ஒலிப்பதிவைப் பார்த்துக்கொண்ட பையன். "சரி, எவ்வளவு வேணும் உங்களுக்கு?" என்றார் துணைத் தலைவர். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. படத்தில் முதலில் வருகிற முகமும் அவருடையதுதான். பிரஸ் மிஷின் எப்படி இறங்கும் என்று வெறும் கையால் செய்து காட்டுகிறார்.

முதல் படப்பிடிப்பு வீணானது. ஞாயிற்றுக்கிழமை மதியம் நாலு மணிக்கு ஒரு சிறிய அரங்கில் கச்சேரி. இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்ற விதி இருப்பதால் மெட்டல் கச்சேரிகளைப் பகலிலேயே தொடங்கிவிடுகிறார்கள். ஸ்பீக்கருக்கு எதிரே மைக்கை வைத்து, ஒலி லெவலைப் பார்க்காமல் பதிவை ஓட்டிவிட்டு வந்தார்கள். வீட்டில் போட்டுக் கேட்டால் கிரைண்டரில் கல் மாட்டிய சத்தம். இந்த இசை கொஞ்சம் அப்படித்தானே இருக்கும் என்று நான் ஆறுதல் சொல்லப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டேன். கிட்டாரின் கரகரப்பு வேண்டுமென்று செய்வது, மைக்கின் கரகரப்பு நம் தப்பு, இரண்டும் வேறு என்றார்கள். அடுத்த முறை மேடை ஒலிகளைக் கலக்கும் மிக்சர் கருவியிலிருந்து நேரடியாக ஒரு லைன் எடுத்து, நம் கருவியை அரங்கின் பின்சுவரில் வைத்து, லெவலை மைனஸ் 12 டெசிபெலுக்குக் கீழே நிறுத்தி, இரண்டையும் எடிட்டிங்கில் கலந்தார்கள். காதுக்கு அடைப்பான் வாங்கிய செலவும் கணக்கில் இருக்கிறது. அதைக் கேள்வி கேட்ட கணக்குத் தணிக்கையாளரை அடுத்த கச்சேரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். திரும்பி வந்து கேள்வியை வாபஸ் வாங்கிக்கொண்டார்.

மாஷ் பிட் என்று ஒன்று உண்டு. மேடைக்கு முன்னால் வட்டமாக இடம் விட்டு, தோளோடு தோள் முட்டிச் சுற்றுவார்கள். பார்க்க அடிதடி மாதிரி இருக்கும். ஆனால் ஒருவன் விழுந்தால் நாலு கைகள் உடனே தூக்கி நிறுத்துகின்றன. படத்தில் ஒரு காட்சி. யாருடைய மூக்குக் கண்ணாடியோ கீழே விழுகிறது. சுற்றிலும் இருப்பவர்கள் கைபேசி விளக்கை அடித்துத் தேடுகிறார்கள். கண்டெடுத்தவன் அதை உயரத் தூக்கிப் பிடித்து, ஏலம் விடுகிறவன் போல நாலா பக்கமும் காட்டுகிறான். பாட்டு நடுவில் நிற்கவே இல்லை.

எனக்குப் பிடித்தது வேறு காட்சி. நம் தெருவிலேயே ஒரு வீடு. மகனுடைய ஜீன்ஸ் ஜாக்கெட்டின் கையை வெட்டிவிட்டு, அதன் மேல் இசைக்குழுக்களின் பேட்ச்களை, அதாவது துணிச் சின்னங்களை, அம்மா தைத்துக் கொடுக்கிறார். ரவிக்கை தைத்துச் சம்பாதிக்கிறவர். மிதி தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்து, மண்டையோட்டின் ஓரத்தை ஊசிக்கு அடியில் மெதுவாகத் திருப்புகிறார். "ஓரம் வளைவா இருக்குதில்ல, அதான் கஷ்டம். பல்லுகிட்ட வரும்போது நிறுத்தி நிறுத்தி ஓட்டணும்," என்கிறார். இதெல்லாம் என்னவென்று தெரியுமா ஆன்ட்டி என்று கேட்டால், "தெரியாது. ஆனா இந்த ஜாக்கெட்டை அவனே துவைக்கிறான். வேற எதையும் துவைக்க மாட்டான்." அவ்வளவுதான் பேட்டி.

ஜூலையில் என் வீட்டு மாடி அறையில் எடிட்டிங் நடந்தது. 22ஆம் தேதி, நள்ளிரவு நெருங்கும் நேரத்தில், மூன்று பேரின் கைபேசியும் ஒன்றன்பின் ஒன்றாக அதிர்ந்தன. பிளாக் சாபத்தின் பாடகர் ஓஸி ஆஸ்போர்ன் இறந்துவிட்டார். ஜூலை 5 அன்றுதான், அவர் வளர்ந்த ஆஸ்டன் பகுதியில் இருக்கும் வில்லா பார்க் மைதானத்தில், நாற்காலியில் உட்கார்ந்தபடி கடைசிக் கச்சேரி பாடியிருந்தார். குழுவின் பழைய நாலு பேரும் 20 வருடத்துக்குப் பிறகு ஒன்றாக நின்ற மேடை அது. பதினேழே நாள். பிள்ளைகள் கணினியை அணைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். என் மனைவி எழுந்து வந்து, துக்க வீட்டில் கேட்கிற குரலில் "யாரு தவறினது?" என்று கேட்டுவிட்டுக் காப்பி போடப் போனார். படத்தின் முடிவை மாற்றி, அஞ்சலிப் படம் ஆக்கிவிடலாமா என்று அன்று ஒரு பேச்சு வந்தது. இரண்டு நாள் கழித்து அவர்களே வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். நல்ல முடிவு என்பது என் கருத்து. படம் அல்சூரைப் பற்றியது.

படத்தை எடுப்பதைவிட வெளியே கொடுப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. படத்தின் தொடக்கத்தில் 40 விநாடி ஒரு பிரபலமான ஆங்கிலப் பாட்டைப் போட்டிருந்தார்கள். அதற்கு இரண்டு அனுமதி வேண்டும். பாட்டை எழுதியவர் சார்பில் வெளியீட்டாளரிடம் ஒன்று, ஒலிப்பதிவுக்கு அதன் உரிமை வைத்திருக்கும் இசை நிறுவனத்திடம் ஒன்று. எழுதிய கடிதங்களுக்குப் பதில் இல்லை. உள்ளூர்க் குழு அதே பாட்டை மேடையில் வாசித்ததைப் போட்டுக்கொள்ளலாமே என்றேன். அப்படியும் முதல் அனுமதி வேண்டும் என்றார் நம் வக்கீல் உறுப்பினர். கடைசியில் ஓர் உள்ளூர்க் குழு தங்கள் சொந்தப் பாட்டைக் கொடுத்தது. எழுதியவர்களும் பதிவு செய்தவர்களும் அவர்களே என்பதால் ஒரு பக்கக் கடிதத்தில் வேலை முடிந்தது. அந்தக் கடிதத்தின் நகல் கோப்பில் இருக்கிறது. இனி இங்கே படம் எடுக்க வருகிற யாரும் முதலில் அதைப் படித்துவிட்டுத்தான் கேமராவைத் தொட வேண்டும்.

இன்னொரு சம்மதம் கிடைத்து, பிறகு திரும்பப் பெறப்பட்டது. பகலில் ஒரு வங்கியில் கடன் பிரிவு வேலை, ஞாயிறுகளில் அடிவயிற்றிலிருந்து உறுமிப் பாடும் வேலை என்று இருக்கும் ஓர் இளைஞரின் பேட்டி. நிஜக் குரல்நாண்களுக்கு மேலே பொய்க் குரல்நாண் என்று ஒரு மடிப்பு இருக்கிறது, உறுமலில் அதிர்வது அதுவும்தான், தொண்டையைக் கிழித்துக்கொள்வதில்லை என்று வெந்நீர் பிளாஸ்க்கைக் கையில் வைத்துக்கொண்டு பாடிக் காட்டுகிறார். படத்திலேயே சிறந்த நாலு நிமிடம். ரஃப் கட் எனும் முதல் தொகுப்பைப் பார்த்தபின், அலுவலகத்தில் தெரிய வேண்டாம், எடுத்துவிடுங்கள் என்றார். கையெழுத்துப் போட்டிருக்கிறாரே என்று செயற்குழுவில் ஒரு குரல் எழுந்தது. அந்தப் பெண் பேசாமல் கணினியைத் திறந்து, அந்த நாலு நிமிடத்தை எங்கள் கண்முன்னே வெட்டினாள். இன்னும் சில்லறையாக வெட்டியதில் 27 நிமிடப் படம் 19 நிமிடமானது. மாணவர் விழாக்களில் பலவற்றுக்கு 20 நிமிடம்தான் எல்லை என்பதால் அது வேறு வகையில் உதவியது.

முதல் திரையிடலை செப்டம்பரில் நம் மண்டபத்தில் நடத்தினோம். பொதுத் திரையிடல் என்றால் 1952ஆம் ஆண்டு சினிமாட்டோகிராஃப் சட்டப்படி தணிக்கைச் சான்று வேண்டும். ஆகவே டிக்கெட் இல்லை, சுவரொட்டி இல்லை. உறுப்பினர்களும் அவர்கள் அழைத்துவந்த விருந்தினர்களும் மட்டும். நாற்காலி போதாமல் பக்கத்துத் தேநீர்க் கடை பெஞ்சை இரவல் வாங்கினோம். கறுப்பு டி-ஷர்ட்டும் வேட்டியும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருந்ததை நம் மண்டபம் இதற்கு முன் பார்த்ததில்லை.

கலந்துரையாடலில் ஒலிப்பதிவுப் பையன் கிட்டாரில் மூன்று ஸ்வரம் வாசித்து, இந்த இடைவெளியைத்தான் அந்தக் காலத்து ஐரோப்பாவில் சாத்தானின் ஸ்வரம் என்றார்கள், பிளாக் சாபத்தின் முதல் ஆல்பம் 1970இல் இதில்தான் தொடங்கியது என்றான். நம் வீணை டீச்சர் இன்னொரு தடவை வாசி என்றார். வாசித்தான். "சட்ஜம், மேல் சட்ஜம், பிரதி மத்யமம். 37லேர்ந்து 72 வரைக்கும் அத்தனை மேளகர்த்தா ராகத்துலயும் இருக்கு. கல்யாணியில இருக்கு. கல்யாணி பாடினா பிசாசு வருமாப்பா?" மண்டபம் சிரித்து ஓய நேரமானது. தமிழர்கள் யாராவது இதில் உண்டா என்று ஒருவர் கேட்டார். சிங்கப்பூரில் 1992இல் தொடங்கி, வேதாந்தத்தை வைத்து மெட்டல் பாடும் ருத்ரா குழுவைப் பிள்ளைகள் சொன்னார்கள். டீச்சர் பெயரைக் குறித்துக்கொண்டார்.

பிறகு படம் இரண்டு கல்லூரிகளிலும், ஒரு மொட்டை மாடியிலும், சென்னையில் நண்பர்கள் நடத்தும் ஒரு திரையிடலிலும் காட்டப்பட்டது. மொட்டை மாடியில் தையல்கார அம்மா முதல் வரிசையில் இருந்தார். விழாக்களுக்கு ஐந்து இடங்களில் அனுப்பினோம், ஒன்றில் எடுத்துக்கொண்டார்கள். நுழைவுக் கட்டணம் வாங்கிக்கொண்டு ஒரு வரி பதில்கூட அனுப்பாத விழாக்களுக்கு அடுத்த ஆண்டு அனுப்ப வேண்டாம் என்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது. ஜனவரியில் இணையத்தில் ஏற்றிய மறுநாளே உரிமை மீறல் என்று அறிவிப்பு வந்தது. தேடிப் பார்த்தால், பேட்டியின் பின்னணியில் தேநீர்க் கடை வானொலியில் ஓடிய பத்து விநாடி சினிமாப் பாட்டு! மெட்டலுக்கு இவ்வளவு கடிதம் எழுதிவிட்டு டீக்கடையில் மாட்டிக்கொண்டோம். அந்த இடத்தில் ஒலியைக் குறைத்து மீண்டும் ஏற்றியாகிவிட்டது. தமிழ், கன்னடம், ஆங்கிலம் மூன்றிலும் சப்டைட்டில் உண்டு.

வரவு செலவு அறிக்கையைப் பொருளாளர் படிப்பார். ஒலிப்பதிவுக் கருவி இந்த ஆண்டு முழுவதும் வெளியிலேயே இருந்ததால் அதன் பஞ்சு உறை கிழிந்துவிட்டது, புதிது வாங்க அனுமதி கேட்கிறேன். இடம் கொடுத்தவர்களுக்கும், பெஞ்சு கொடுத்த கடைக்காரருக்கும், பேட்டி கொடுத்த அனைவருக்கும் சங்கத்தின் நன்றி.

படத்தின் மூன்று பென் டிரைவ்கள் அலமாரியில் இருக்கின்றன. எடுத்துப்போகிறவர்கள் நோட்டில் கையெழுத்திடவும். நீல நிறத்தில் இருப்பதை எடுக்க வேண்டாம். அதில் பழைய 27 நிமிடப் பிரதி இருக்கிறது. இன்று கூட்டம் முடிந்ததும் பொருளாளர் முன்னிலையில் அதை அழிக்கப் போகிறோம். அந்த வங்கி இளைஞரும் பார்க்க வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
செயலாளர்