கீரை போதும் என்றீர்களே!

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் மருத்துவக் கேள்வி பதில் பகுதியைப் படித்தேன். மகனுக்கு ஓயாத வாய்ப்புண், அடிக்கடி பேதி, உடம்பு இளைத்துக்கொண்டே போகிறது என்று ஒரு தாய் கேட்டிருந்தார். "எல்லாம் உடல் சூடுதான், மணத்தக்காளிக் கீரையும் பி காம்ப்ளெக்ஸும் போதும்" என்று பதில். போதுமாம்!

எங்கள் கொல்லை நிறைய மணத்தக்காளிதான். என் மகளுக்குக் கொடுக்காத கீரையா? பத்தாம் வகுப்பில் அவளுக்குக் கீழுதடு தடித்து வீங்கி வெடித்தது. உள்கன்னமெல்லாம் கூழாங்கல் பாவினாற்போல் மேடும் பள்ளமும். பல் டாக்டர் கூரான பல் குத்துகிறது என்று ராவிவிட்டார். மருந்துக் கடைக்காரர் வலிக்கு ஐபுப்ரூஃபன் கொடுத்தார். குடல் புண்ணாகி இருப்பவர்களுக்கு அது நோயைக் கிளறிவிடக்கூடும் என்று அவருக்கு யார் சொல்வது? அக்கி என்று சொல்லிக் காவி பூசச் சொன்னவர்களும் உண்டு. கல்யாண வீடுகளில் கேட்ட கேள்விகளை எழுத எனக்கு மனமில்லை.

கடைசியில் குழாய் விட்டுக் குடலைப் பார்க்கும் கொலனோஸ்கோபி செய்து பார்த்தால், குடல் காசநோயா, குடல் தீராமல் அழன்று புண்ணாகும் க்ரோன் நோயா என்ற சந்தேகம். நம் நாட்டில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியுமாம். முதலில் காசநோய் மாத்திரை. அதைக் குறை சொல்லமாட்டேன். அதற்கும் கேட்காத பிறகே க்ரோன் என்று முடிவாயிற்று. 1932-லேயே நியூயார்க்கில் டாக்டர் க்ரோனும் சகாக்கள் இருவரும் எழுதிவைத்த நோய். தாங்கள் அறியாததல்ல. வயிறு காட்டிக்கொடுக்கும் முன்பே வாய் காட்டிக்கொடுப்பதும் உண்டு, பிள்ளைகளிடம் முக்கியமாக. சிறுகுடலின் கடைசிப் பகுதி கெட்டால் பி12 வைட்டமின் சரியாக உடம்பில் சேராது. அவளுக்கு ஊசிதான் போட்டார்கள். டிரையம்சினோலோன் என்ற ஸ்டீராய்டுக் களிம்பும் ஸ்டீராய்டு கொப்பளிப்பும் எரிச்சலைத் தணித்தன, நாக்கில் வெண்பூஞ்சையையும் கொண்டுவந்தன. குடலுக்கு மருந்து பிடித்த பிறகுதான் வாய் ஆறியது. உதடு வடிய இன்னும் நாளானது.

பரீட்சை நடுவே அவளைக் கழிப்பறைக்கு அனுப்ப மறுத்ததைப் பற்றி உங்களுக்கு எழுதினேன், வெளியாகவில்லை. தீபாவளி முறுக்குக் குறிப்பைப் பாராட்டி எழுதியது மட்டும் அழகாகக் கட்டம் கட்டி வந்தது. இடப் பற்றாக்குறை எனக்குப் புரிகிறது.

அதே பகுதியில் இரண்டு வரி போடுங்கள். திரும்பத் திரும்ப வரும் வாய்ப்புண்ணோடு வயிற்றுவலி, பேதி, மலத்தில் ரத்தம், எடைக் குறைவு இருந்தால் குடல் நோய் மருத்துவரிடம் காட்ட வேண்டும். மூன்று வாரமாகியும் ஆறாத புண் எதுவானாலும் டாக்டர் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். அந்தத் தாயின் முகவரி தங்களிடம் இருக்குமே, அடுத்த இதழ் வரை காக்க வைக்காமல் அவருக்கு ஒரு கார்டு போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
ஒரத்தநாடு