கமலாவுக்கு, டான்சானியாவின் மொரோகோரோவிலிருந்து

அன்புள்ள கமலா,

உன் கடிதம் வந்தது. மாமாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எங்கள் எல்லோருக்கும் சந்தோஷம். சொட்டு மருந்தை மட்டும் வேளை தவறாமல் போடச் சொல். இங்கே எல்லோரும் நலம். மழை பிடித்துக்கொண்டது. உலுகுரு மலை காலை பத்து மணி வரைக்கும் கண்ணிலேயே படுவதில்லை.

"உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குக் குடிமையியல் உண்டா, என்னதான் சொல்லித் தருகிறார்கள்?" என்று கேட்டிருந்தாய். நான் கணக்கு டீச்சர்தான், ஆனாலும் அந்தப் பாடம் என் வீட்டுக்கே வந்துவிடுகிறது. பக்கத்து வீட்டுப் பெண் பாரம் த்ரீ, அதாவது உயர்நிலைப் பள்ளியில் மூன்றாம் வருஷம், படிக்கிறாள். சாயங்காலம் கணக்குப் போட வருவாள். கணக்கு முடிந்ததும் சிவிக்ஸ் நோட்டைப் பிரித்துவைத்து உரக்கப் படிப்பாள். "மனித உரிமை என்றால் என்ன? பாலினப் பாகுபாட்டின் விளைவுகள் ஐந்து கூறுக." விடைகளின் கீழே சிவப்புப் பேனாவால் கோடு, ஓரத்தில் நட்சத்திரம். எல்லாம் இங்கிலீஷில். நான் சுவாஹிலியில், "இதற்கு என்ன அர்த்தம், சொல்லு" என்றால் ஒரு நிமிஷம் திகைப்பாள். பிறகு அவள் மொழியிலேயே பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டாள். அத்தை வீட்டுச் சண்டை, சந்தையில் அம்மாவிடம் வரி வாங்குகிறவர், எல்லாம் வந்துவிடும். ஏழாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் சுவாஹிலியிலேயே படித்த பிள்ளைகள் பாரம் ஒன்னில் காலடி வைத்ததும் சுவாஹிலிப் பாடம் தவிர ஏறக்குறைய எல்லாமே இங்கிலீஷாகிவிடுகிறது. கணக்கில் எப்படியோ சமாளித்துவிடலாம். உரிமையைப் பற்றி வாதாடக் கற்க வேண்டிய பாடத்தை மனப்பாடம் செய்ய வைத்தால் என்ன மிஞ்சும், சொல்லு.

இந்தப் பாடத்துக்கு இங்கே ஒரு பழைய கதை உண்டு. நாட்டின் முதல் ஜனாதிபதி ஜூலியஸ் நைரேரே பள்ளி ஆசிரியராக இருந்தவர். ஊரே அவரை இன்றும் 'ம்வாலிமு', அதாவது வாத்தியார், என்றுதான் சொல்கிறது. 1967-இல், சோஷலிசமே நாட்டின் பாதை என்று அறிவித்த அருஷா பிரகடனம் வந்தது. அதே வருஷம், பள்ளி என்பது கிராமத்துக்கு உழைக்கிறவர்களை உருவாக்க வேண்டும் என்று அவர் எழுதிய கல்விக் கொள்கையும் வந்தது. அப்போது பள்ளியில் 'சியாசா' என்று ஒரு பாடம். அரசியல் என்று அர்த்தம். நாட்டில் இருந்ததோ ஒரே கட்சி, அதன் கொள்கைதான் பாடம். 1992-இல் பல கட்சி ஆட்சிமுறைக்கு வழிவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் சியாசா போய் சிவிக்ஸ் வந்தது. 120-க்கும் மேற்பட்ட இனக்குழுக்களை ஒரே மொழியில் பேச வைத்து ஒரு நாடாக்கியதில் அந்தப் பழைய பாடத்துக்கும் பங்கு உண்டு, அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் வாத்தியார் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டும் என்கிற பழக்கம் இன்னும் வகுப்பை விட்டுப் போகவில்லை.

அரசாங்கம் பற்றிய பகுதி உனக்கு அலுப்புத்தான் தரும். ஒன்றிய அரசு, அதோடு தனி ஜனாதிபதியும் தனி சட்டசபையும் உள்ள சான்சிபார் தீவுகளின் அரசு, தலைநகர் டொடோமாவில் பாராளுமன்றம். அதில் எனக்குப் பிடித்தது கிராமப் பொதுக்கூட்டம். பதினெட்டு வயது நிரம்பிய எல்லோரும் அதில் உறுப்பினர், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும், கணக்குக் கேட்கலாம். கிராம நிர்வாகக் குழுவில் கால்வாசியாவது பெண்கள் இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. பக்கத்து வீட்டுப் பெண்ணின் அம்மா ஒரு கூட்டத்தில் எழுந்து, தண்ணீர்க் குழாய்க்கு வசூலித்த பணம் எங்கே என்று கேட்டாராம். அவள் நோட்டில் அந்த இடத்தில் "கிராமப் பொதுக்கூட்டத்தின் பணிகள் நான்கு" என்று இருக்கிறது. அம்மா செய்தது அந்த நாலில் ஒன்று என்று நான் சொன்ன பிறகுதான் அவளுக்கு விளங்கியது.

உரிமைப் பகுதிக்கு வருகிறேன், எழுத வேண்டும் என்று உட்கார்ந்ததே இதற்காகத்தான். 1977-இல் வந்த அரசியலமைப்பில் அடிப்படை உரிமைகள் என்று தனிப் பகுதி கிடையாது. 1984-இல்தான் சேர்த்தார்கள். அதை வைத்து நீதிமன்றம் போகலாம் என்று ஆனது 1988-இல். அதே வருஷம் ஆகஸ்டில், விக்டோரியா ஏரிக்கு மேற்கே ககேரா பக்கம், ஹொலாரியா பஸ்டோரி என்ற ஹாயா இனப் பெண் தன் நிலத்தை 3,00,000 ஷில்லிங்குக்கு விற்றார். அப்பா உயில் எழுதிக் கொடுத்த குலநிலம். வயதாகிவிட்டது, பார்த்துக்கொள்ள ஆளில்லை, விற்றுவிட்டார். வாங்கியவர் வேறு குலம். உடனே அவருடைய அண்ணன்தம்பி வழி மகன் வழக்குப் போட்டான். குலநிலத்தைப் பெண் அனுபவிக்கலாம், விற்கக்கூடாது என்பது 1963-இல் அரசு எழுதிவைத்த வழக்காற்று விதி. முதல் நீதிமன்றம் அவன் பக்கம், அடுத்த நீதிமன்றம் அத்தை பக்கம். கடைசியில் ம்வான்சாவில் இருந்த உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. 1990-இல் நீதிபதி ம்வாலுசன்யா, ஆணுக்கு உள்ள உரிமை பெண்ணுக்கும் உண்டு என்று தீர்த்துவிட்டார். அரசியலமைப்பில் பாகுபாடு என்று சொல்லும் பட்டியலில் அப்போது பாலினம் இல்லவே இல்லை, 2000-இல்தான் சேர்த்தார்கள். அவர் நாடு கையெழுத்திட்டிருந்த சர்வதேச ஒப்பந்தங்களை எடுத்துவைத்துத் தீர்ப்பு எழுதினார். வழக்குப் போட்ட மருமகனுக்கும் வழி அடைக்கவில்லை. ஆறு மாதத்துக்குள் பணத்தைக் கட்டினால் நிலத்தை மீட்டுக்கொள்ளலாம், ஆண் விற்றிருந்தாலும் அதே விதிதான் என்றார்.

இதைப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சுவாஹிலியில் கதையாகச் சொன்னேன். நோட்டை மூடிவைத்துவிட்டுக் கேட்டாள். முடிந்ததும் அவள் கேட்டது இதுதான்: "பெண்ணுக்கு நிலம் கிடையாது என்று யார் சொன்னது? எங்களில் நிலமே பாட்டி வழியில்தானே வருகிறது?" கமலா, அவள் லுகுரு இனத்துப் பெண். இந்த மலையில் குலமும் நிலமும் தாய்வழி. பாடத்தில் 'கலாசாரம்' என்று ஒரு அத்தியாயம் இருக்கிறது. நல்ல வழக்கங்கள் ஒரு பக்கம், கேடான வழக்கங்கள் மறுபக்கம். ஆப்பிரிக்கப் பண்பாட்டில் பெண்ணுக்குச் சொத்து கிடையாது என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். பெண்ணுறுப்புச் சிதைப்பைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்தான், பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பெண்களுக்குச் செய்வது 1998-லிருந்தே குற்றம். ஆனால் தன் பாட்டி வழியில் சமத்துவத்துக்கு ஒரு வேர் இருக்கிறது என்று இந்தப் பெண்ணுக்கு யாராவது சொல்ல வேண்டாமா? வகுப்பில் ஹாயா, சாகா, மசாய் என்று எல்லாப் பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கிறார்கள். நிலம் யார் வழியில் வருகிறது என்று அவரவர் வீட்டில் கேட்டுவரச் சொன்னாலே ஒரு வாரத்துப் பாடம் ஓடும்.

இன்னொரு வழக்கும் சொன்னேன். 1971-ஆம் வருஷத் திருமணச் சட்டம் பெண்ணுக்குப் பதினைந்து வயதில் பெற்றோர் சம்மதத்தோடு கல்யாணம் செய்யலாம் என்றது, பையனுக்குப் பதினெட்டு. ரெபேக்கா கியூமி என்ற இளம் வழக்கறிஞர் இதை எதிர்த்துப் போய் 2016-இல் உயர் நீதிமன்றத்தில் ஜெயித்தார். அரசு மேல்முறையீடு செய்தது. 2019-இல் அங்கேயும் அவரே ஜெயித்தார். ஆனால் சட்டத்தைத் திருத்தக் கொடுத்த ஒரு வருஷக் கெடு வெறுமனே கடந்துபோனது. தீர்ப்பு வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று பிள்ளைகள் நினைக்கக் கூடாது, அதையும் சேர்த்தே சொல்லித் தர வேண்டும்.

வகுப்பில் கற்பிப்பதும் பள்ளி நடந்துகொள்வதும் ஒட்டாமல் போகிற இடங்கள்தான் என்னை வருத்துகின்றன. கர்ப்பமான மாணவி பள்ளிக்குத் திரும்ப முடியாது என்று அப்போதைய ஜனாதிபதி மகுஃபுலி 2017-இல் பகிரங்கமாகச் சொன்னார். அந்தக் காலத்தில் எனக்குத் தெரிந்த ஒரு நல்ல மாணவியின் பெயரைப் பதிவேட்டில் அடித்துவிட்டார்கள். 2021 நவம்பரில் தடையை நீக்கினார்கள், இரண்டு வருஷத்துக்குள் திரும்பி வரலாம் என்று. அவள் வரவில்லை. பிரம்படியும் அப்படித்தான். நாலு அடிக்கு மேல் கூடாது, புத்தகத்தில் பதிய வேண்டும், பெண் பிள்ளையைப் பொதுவாக ஆசிரியைதான் அடிக்க வேண்டும் என்றெல்லாம் விதி இருக்கிறது. அடிக்கவே கூடாது என்று விதி இல்லை. மனிதக் கண்ணியம் பற்றிப் பாடம் நடத்துகிறவர் கையில் பிரம்பு இருப்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை. ஆசிரியர் கூட்டத்தில் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன், இன்னும் சொல்வேன்.

பெண்கள் முன்னுக்கு வரவில்லையா என்று கேட்பாய். வந்திருக்கிறார்கள். பாராளுமன்றத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெண்கள். அதில் பெரும்பாலோர் கட்சிகள் நியமிக்கும் சிறப்பு இடங்களில் வந்தவர்கள், தொகுதி கிடையாது. 2021 மார்ச்சிலிருந்து ஜனாதிபதியே ஒரு பெண், சான்சிபாரைச் சேர்ந்த சாமியா சுலுஹு ஹசன். அன்றைக்கு எங்கள் பள்ளிப் பெண்கள் போட்ட குலவை இன்னும் காதில் இருக்கிறது. ஆனால் 2025 அக்டோபர் 29 தேர்தல்! முக்கிய எதிர்க்கட்சியைப் போட்டியிடவே விடவில்லை, அதன் தலைவர் துண்டு லிஸ்ஸு தேசத்துரோக வழக்கில் சிறையில் இருந்தார். போராட்டம், துப்பாக்கிச் சூடு, தார் எஸ் சலாமில் ஊரடங்கு, நாடு முழுக்க இன்டர்நெட் இல்லை. ஜனாதிபதிக்கு ஏறக்குறைய 98 சதவீத வாக்கு என்று அறிவித்தார்கள். எத்தனை பேர் இறந்தார்கள் என்பதில் இன்றுவரை அரசும் எதிர்க்கட்சியும் ஒத்துப்போகவில்லை. பள்ளி திறந்ததும் "ஜனநாயகம்" பாடத்தை நடத்த வேண்டிய ஆசிரியர் அந்த அத்தியாயத்தைத் தாண்டிப் போய்விட்டார். அவரை நான் குறை சொல்லமாட்டேன், அவருக்கும் குடும்பம் இருக்கிறது. பிள்ளைகள் மட்டும் அந்த அத்தியாயத்தைத் தாங்களாகவே படித்திருக்கிறார்கள்.

இப்போது பாடமே மாறுகிறது. 2023-இல் கொண்டுவந்த பாடத்திட்டத்தில் சிவிக்ஸ் மெல்ல விலகி, 'டான்சானிய வரலாறும் ஒழுக்கமும்' என்ற பாடம் கட்டாயமாகிறது. அது சுவாஹிலியில். மொழி மாறியதில் எனக்கு நிஜமாகவே சந்தோஷம். ஆனால் ஒழுக்கம் என்று சொல்லிக் கேள்வி கேட்கும் பகுதியைச் சுருக்கிவிடுவார்களோ என்று பயமாகவும் இருக்கிறது. வரலாறு என்றால் பீபீ டிடி முகமதுவும் அதில் வர வேண்டும். சுதந்திரப் போராட்டத்தில் பெண்களைத் திரட்டிய அவர் இல்லாமல் நைரேரேயின் கட்சி அவ்வளவு வளர்ந்திருக்காது.

அந்தப் பெண் என்னிடம், "உங்கள் ஊரில் மகளுக்கு நிலம் உண்டா?" என்றும் கேட்டாள். தமிழ்நாட்டில் 1989-இல் மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்று சட்டம் வந்ததைச் சொன்னேன். "எல்லோருக்கும் கொடுத்தார்களா?" என்றாள். இதற்கு நான் பதில் சொல்வதைவிட நீ சொல்வதுதான் சரி. உன் வகுப்புப் பிள்ளைகளிடம் அவரவர் வீட்டில் யார் பெயரில் பட்டா இருக்கிறது என்று கேட்கச் சொல்லி, அவர்கள் சொன்னதை எனக்கு எழுது. அவளுக்குச் சுவாஹிலியில் படித்துக் காட்டுகிறேன்.

மாமாவுக்கும் அத்தைக்கும் என் நமஸ்காரம்.

அன்புடன்,
சரஸ்வதி