அந்த சூட் அலமாரியிலேயே கிடக்கிறதாமே

அன்புள்ள கண்ணுக்கு, அப்பா எழுதிக்கொண்டது.

இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்கு முட்டி வலி இப்போது பரவாயில்லை. ஏற்காட்டு அத்தை இந்த வருஷத்து மிளகு கொடுத்துவிட்டிருக்கிறாள், உன் பங்கைத் தனியாக டப்பாவில் போட்டு வைத்திருக்கிறோம். மூக்கனேரியில் தண்ணீர் நிற்கிறது. உன் போன் வந்துதான் நாளாகிறது.

கனடாவிலிருந்து மருமகள் பேசினாள். நான் ஒன்றும் கேட்கவில்லை, அவளாகத்தான் சொன்னாள். "மாமா, சிம்கோ ஏரிக்கு மீன் பிடிக்கப் போறப்ப அந்த மிதக்கவைக்கிற ஃப்ளோட் சூட்டை அவர் எடுத்துட்டே போறதில்ல, அலமாரியிலயே கிடக்குது" என்றாள். அவளைக் கோபித்துக்கொள்ளாதே. பயத்தில் சொன்னாள்.

அப்புறம்தான் நீ அனுப்பிய படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். முதல் தடவை மீனைத்தான் பார்த்தேன். உன் முழங்கை நீளத்துக்கு ட்ரௌட். பால்காரர் வரைக்கும் காட்டிவிட்டேன், கன்னங்குறிச்சிப் பையன் உறைந்த ஏரியில் துளை போட்டு மீன் பிடிக்கிறான் பார் என்று. இந்தத் தடவை உன்னைப் பார்த்தேன். ஆபீசுக்குப் போட்டுப் போகிற அதே நீல ஜாக்கெட். ஜிப் பாதி திறந்திருக்கிறது. பனியில் குத்திப் பிடித்து ஏறுகிற அந்த ஆணிக் கைப்பிடிகளும் கழுத்தில் இல்லை. துளையிலிருந்து இரண்டடி தள்ளி மண்டி போட்டிருக்கிறாய்.

"எனக்கு நீச்சல் தெரியும்பா" என்பாய். தெரியும். மேட்டூர் கால்வாயில் உன்னை இறக்கிவிட்டவனே நான்தான். எதிர்நீச்சல் போட்டு நீ மதகு வரை போனதை இன்றைக்கும் சொல்லிச் சொல்லி மாய்கிறேன். ஆனால் அது காவிரித் தண்ணீர். பனிக்கட்டிக்கு அடியில் இருப்பது பூஜ்யத்திலிருந்து நான்கு டிகிரிக்குள் இருக்கிற தண்ணீர். மார்கழி விடியலில் முதல் சொம்பு தலையில் விழுந்ததும் வாயைப் பிளந்து 'ஹா' என்று மூச்சை இழுப்பாயே, அதுதான் அங்கேயும் நடக்கும், பல மடங்கு பலமாக. அந்த மூச்சை இழுக்கிற நேரத்தில் வாய் தண்ணீருக்குள் இருந்தால், எதிர்நீச்சல் தெரிந்தவனும் ஒன்றுதான், தெரியாதவனும் ஒன்றுதான்.

நான் சொன்னால் கேட்கமாட்டாய். உங்கள் நாட்டுக்காரர் சொல்வதைக் கேள். மானிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்டன் கீஸ்பிரெக்ட், தானே பனித் தண்ணீரில் இறங்கி இறங்கி ஆராய்ந்தவர். ஒன்று, பத்து, ஒன்று என்று கணக்கு வைத்திருக்கிறார். விழுந்த முதல் 1 நிமிஷம் மூச்சை நிதானத்துக்குக் கொண்டுவரவே சரியாகப் போகும். அடுத்த 10 நிமிஷம்தான் கை கால் சொன்னபடி கேட்கும். குளிரில் நினைவு தப்ப 1 மணி நேரம் வரை ஆகலாம். இதில் என் மனதை அறுப்பது கடைசிக் கணக்குதான். அந்த ஒரு மணி நேரம், தலை தண்ணீருக்கு மேலே இருக்கிறவனுக்குத்தான் உண்டு. கை ஓய்ந்த பிறகு தலையை மேலே வைத்திருக்க உடம்பில் மிதக்கிற எதையாவது போட்டிருக்க வேண்டும். அதற்குத்தான் அந்த சூட். கண்ணு, போட்டுக்கொள்.

அது தண்ணீர் புகாத உடுப்பு இல்லை, நனையத்தான் செய்யும். உள்ளே வைத்துத் தைத்திருக்கிற நுரைப்பொருள் மிதக்கவைக்கும், கொஞ்சம் குளிரையும் தடுக்கும். சூட்டின் மேல் ஜாக்கெட்டை மட்டும் போட்டுக்கொண்டு அதன் கால்சட்டையை வீட்டில் விட்டுவிட்டுப் போகாதே. ஜிப்பைக் கழுத்து வரை ஏற்று, பட்டைகளை இறுக்கு. தளர்ந்து கிடந்தால் தண்ணீரில் சட்டை மேலே ஏறிக்கொள்ளும், நீ கீழே போவாய். ஆணிக் கைப்பிடி கழுத்தில் தொங்க வேண்டும், பெட்டியில் இருந்து பிரயோஜனமில்லை. விழுந்தால் வந்த வழிக்கே திரும்பு, அந்தப் பக்கப் பனிதான் அதுவரை உன்னைத் தாங்கியது. காலை உதைத்து உடம்பைப் படுக்கைவசமாக்கி, ஆணியைக் குத்தி இழுத்து ஏறு. ஏறினதும் எழுந்து நிற்காதே, உருண்டே வா.

பனி தெளிவாக இருந்தால் நான்கு அங்குலத்துக்குக் குறைந்து கால் வைக்காதே. வெளுத்த பனிக்கு வலு பாதிதான், அதனால் கனம் இரண்டு மடங்கு வேண்டும். ஆறு வந்து சேருகிற இடத்தில் மெல்லிசாக இருக்கும். இப்போது மாசி, அங்கே குளிர் குறையப்போகிறது. சீசன் கடைசிப் பனி கனமாகத் தெரிந்தாலும் உள்ளே உளுத்துப்போயிருக்கும். இது எனக்குத் தெரிந்து உனக்குத் தெரியாமல் இருக்குமா? தெரிந்தும் போடாமல் போகிறாயே, அதுதான் தாங்கவில்லை. கூடப் போகிறவர்கள் சிரிப்பார்கள் என்றா? கனமாக இருக்கிறது என்றா? ஏற்காடு ஏரியில் அரை மணி நேரப் படகுக்கே லைஃப் ஜாக்கெட் கட்டித்தான் உட்காரவைக்கிறார்கள்.

சின்ன மாமா விஷயத்துக்குப் பிறகு உன் அம்மா மேட்டூர்ப் பக்கம் வருவதில்லை. அன்றைக்கு அணைக்கரையில் நின்றவர்களில் நீயும் ஒருவன், எட்டு வயசு. அதற்கு மேல் நான் எழுதவேண்டியதில்லை. இந்தப் படத்தை அவளுக்கு இன்னும் காட்டவில்லை.

பாப்பாவையும் அடுத்த தடவை கூட்டிப்போவதாகச் சொன்னாயாமே. அவள் அளவிலும் சூட் கிடைக்கும். முதலில் அதை வாங்கு, பிறகு கூட்டிப்போ. அவள் உன்னைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்வாள், நீ போட்டால் அவளும் போடுவாள்.

பொங்கலன்று வீட்டு விஷயமாகப் பேசியதை மனதில் வைத்துக்கொண்டுதான் போன் செய்யாமல் இருக்கிறாயோ என்று அம்மா நினைக்கிறாள். அது வேறு, இது வேறு. அதில் நீ உன் பக்கத்திலேயே நில், நான் என் பக்கத்தில் நிற்கிறேன். இதில் மட்டும் அப்பா சொல்வதைக் கேள்.

சனிக்கிழமை ஏரிக்குப் போனால், இறங்குவதற்கு முன்னால் ஒரு படம் அனுப்பு. பேசப் பிடிக்கவில்லை என்றால் பேச வேண்டாம். சூட் போட்டிருப்பதும், ஜிப் கழுத்து வரை ஏறியிருப்பதும் தெரிந்தால் போதும். அதை அம்மாவுக்குக் காட்டுகிறேன்.

மிளகு அனுப்ப விலாசம் பழையதுதானா என்று மருமகளைச் சொல்லச் சொல்.

இப்படிக்கு,
அப்பா