கொத்தமல்லிக் கொசுறும் மாநிலங்களவை சீட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் மாநிலங்களவை பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். 'மக்கள் நேரடியாக ஓட்டுப் போடாத ஒரு சபை எதற்கு, எடுத்துவிடலாமே' என்று கட்டுரையாளர் முடித்திருந்தார். அவருடைய கோபம் நியாயம்தான். அது போய் விழுந்த இடம்தான் சரியில்லை.

எங்கள் பெரம்பூர் மார்க்கெட்டில் காய் வாங்கி முடித்ததும் கடைக்காரம்மா பையின் மேலே ஒரு கொத்து கறிவேப்பிலையும் கொஞ்சம் கொத்தமல்லியும் செருகுவார். பேரம் படியாமல் முகம் சுளிக்கிறவர்களுக்கு ஒரு துண்டு இஞ்சி கூடுதல். கூட்டணிப் பேச்சுவார்த்தைச் செய்திகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பைதான் ஞாபகம் வருகிறது. 2019 மக்களவைத் தேர்தலில் அ.தி.மு.க. அணியில் பா.ம.க.வுக்கு 7 தொகுதி, கூடவே ஒரு ராஜ்யசபா. தி.மு.க. அணியில் ம.தி.மு.க.வுக்கு ஒரு தொகுதி, கூடவே ஒரு ராஜ்யசபா. 2024-இல் மக்கள் நீதி மய்யத்துக்குத் தொகுதி எதுவும் இல்லை. கொசுறு மட்டும் 2025-இல் கைக்கு வந்தது. போனவர்கள் தகுதி இல்லாதவர்கள் என்று நான் சொல்லவில்லை. வைகோ 1978-லேயே அந்தச் சபைக்குள் நுழைந்தவர். ஆனால் ஆறு வருஷப் பதவி ஒன்று, தொகுதி எண்ணிக்கை இடிக்கும்போது சமாதானத்துக்குக் கொடுக்கும் பொருளாகிவிட்டதே, அதைத்தான் சொல்கிறேன்.

நான் குடிமையியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். 'மாநிலங்களவை நிரந்தர அவை, கலைக்க முடியாது' என்று கரும்பலகையில் எழுதினேன். கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்து, "அப்போ அவங்க எப்பவும் அங்கேயே இருப்பாங்களா சார்?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு பேர் ஓய்வு பெறுவார்கள், அந்த இடங்களைச் சட்டமன்ற உறுப்பினர்கள் நிரப்புவார்கள் என்று விளக்கினேன். எப்படி நிரப்புகிறார்கள் என்பது பாடப்புத்தகத்தில் ஒரு வரிதான் இருந்தது.

நம் மாநிலத்துக்கு 18 இடம். ஒரு தடவைக்கு ஆறு காலியாகும். 234 எம்.எல்.ஏ.க்கள் ஓட்டுப் போட்டால் ஒருவர் ஜெயிக்க 34 பேர் போதும். எந்தக் கட்சிக்கு எத்தனை என்பது விரல் விட்டு எண்ணினாலே தெரிந்துவிடும். அதனால் ஆறு இடத்துக்கு ஆறு பேர் என்று நின்று, பெரும்பாலும் ஓட்டுப் பெட்டியே வைக்காமல் முடிந்துவிடுகிறது. 2025 ஜூனிலும் போட்டியில்லாமல்தான் முடிந்தது. எந்த எம்.எல்.ஏ.வும் 'ஏன் இவர்' என்று கேட்க வாய்ப்பே வருவதில்லை.

போட்டி வந்தால் இன்னும் வேடிக்கை. 2003-இல் சட்டம் திருத்தப்பட்டதிலிருந்து இது ரகசிய ஓட்டு இல்லை. போட்ட சீட்டைத் தன் கட்சி ஏஜென்டிடம் காட்டிவிட்டுத்தான் பெட்டியில் போட வேண்டும். 2017-இல் குஜராத்தில் இரண்டு காங்கிரஸ் எம்.எல்.ஏ.க்கள் காட்டக்கூடாதவரிடம் காட்டியதால் அவர்கள் ஓட்டு செல்லாமல் போனது. காங்கிரஸ் வேட்பாளர் அகமது படேல் அதனால் கரையேறினார். 2024-இல் இமாச்சலில் 34-க்கு 34 என்று நின்று, சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். நம் உத்திரமேரூர் குடவோலையில் பெயர் வந்தவர் உறுப்பினர். சிம்லாவில் பெயர் வந்தவர் தோற்றார்! விதி அப்படி.

அதே 2003 திருத்தம்தான், அந்தந்த மாநிலத்தில் வாக்காளராக இருக்கிறவர்தான் அங்கிருந்து போக முடியும் என்ற நிபந்தனையையும் எடுத்தது. உச்ச நீதிமன்றம் 2006-இல் அதைச் சரி என்றது. பெயரில் மட்டும் 'மாநிலம்' மிச்சம் இருக்கிறது.

சரி, அப்படியானால் எடுத்துவிடலாம்தானே என்று கேட்கலாம். நாம் ஏற்கெனவே ஒன்றை எடுத்துப் பார்த்திருக்கிறோம். சென்னையில் இருந்த சட்ட மேலவையை எம்.ஜி.ஆர். ஆட்சி 1986-இல் ஒழித்தது. 1952-இல் ராஜாஜி முதல்வரானதும், 1967-இல் தென் சென்னை எம்.பி.யாக ஜெயித்திருந்த அண்ணா முதல்வர் பதவியில் நீடித்ததும் அந்த மேலவை வழியாகத்தான். 2010-இல் தி.மு.க. மீட்டுக் கொண்டுவரப் பார்த்தது, நாடாளுமன்றம் சட்டமும் இயற்றியது. 2011-இல் ஆட்சி மாறியதும் அது அப்படியே நின்றது. யாரும் ஏங்கினதாகத் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் நானும் ஏங்கவில்லை.

டெல்லி விஷயம் வேறு. அந்தச் சபைக்குப் பல் இருக்கிறது. அது எப்போது கடிக்கும் என்பதை மட்டும் கட்சிக் கணக்கு தீர்மானிக்கிறது. 1970 செப்டம்பரில், முன்னாள் மன்னர்களுக்கு அரசு கொடுத்துவந்த மானியத்தை ஒழிக்கும் அரசியல் சட்டத் திருத்த மசோதா மக்களவையில் தேறி, மாநிலங்களவையில் 149-க்கு 75 என்று வந்தது. மூன்றில் இரண்டு பங்குக்கு ஒரே ஒரு ஓட்டுக் குறைவு. இந்திரா காந்தி தேர்தலைச் சந்தித்து, 1971-இல் மறுபடி கொண்டுவந்துதான் நிறைவேற்ற முடிந்தது. சாதாரண மசோதா என்றால் இரு அவைகளையும் கூட்டாக உட்காரவைத்து எண்ணிக்கை பலத்தில் தாண்டிவிடலாம். 1961, 1978, 2002 என்று மூன்று தடவை செய்திருக்கிறார்கள். அரசியல் சட்டத் திருத்தத்துக்கு அந்தக் குறுக்கு வழி கிடையாது.

ஆனால் வேறு குறுக்கு வழிகள் இருக்கின்றன. ஒரு மசோதாவை வரி, அரசுச் செலவு சம்பந்தப்பட்ட பண மசோதா என்று சபாநாயகர் சான்று கொடுத்துவிட்டால் மாநிலங்களவை 14 நாளைக்குள் கருத்துச் சொல்லலாம், அவ்வளவுதான். 2016 மார்ச்சில் ஆதார் மசோதா அப்படித்தான் வந்தது. மாநிலங்களவை ஐந்து திருத்தம் போட்டு அனுப்பியது. மக்களவை அன்றைக்கே ஐந்தையும் தள்ளிவிட்டது. 2020 செப்டம்பர் 20, ஞாயிற்றுக்கிழமை. வேளாண் மசோதாக்களுக்கு ஓட்டை எண்ணச் சொல்லி எதிர்க்கட்சிகள் கேட்டன. உறுப்பினர்கள் தங்கள் இடத்தில் இல்லை என்று காரணம் சொல்லி, குரல் வாக்கெடுப்பிலேயே முடித்தார்கள். அடுத்த வருஷம் அந்தச் சட்டங்களை அரசே வாபஸ் வாங்கியது.

இதற்கெல்லாம் மேலே கொறடா, அதாவது எப்படி ஓட்டுப் போட வேண்டும் என்று உத்தரவு போடும் கட்சிப் பொறுப்பாளர். 1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்துக்கு அப்புறம், உறுப்பினர் கட்சி உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால் பதவியே போய்விடும். 2019 டிசம்பரில் குடியுரிமைத் திருத்த மசோதாவை மாநிலங்களவையில் ஆதரித்த அ.தி.மு.க., 2021 தேர்தல் அறிக்கையில் அதே சட்டத்தைக் கைவிடச் சொல்லி மத்திய அரசை வலியுறுத்துவோம் என்றது. இரண்டுக்கும் நடுவே தமிழ்நாடு மாறிவிடவில்லை, தேர்தல் வந்தது. கட்சியும் மாநிலமும் ஒரே பக்கம் நிற்கும் நாளில் இது வெளியே தெரியாது. பிரியும் நாளில் உறுப்பினர் எந்தப் பக்கம் நிற்பார் என்று கொசுறாகக் கொடுத்தவர்களும் கேட்கவில்லை, வாங்கினவர்களும் சொல்லவில்லை.

இப்போது ஊரெல்லாம் தொகுதி மறுவரையறைப் பேச்சு. 1971 மக்கள்தொகைக் கணக்கில் நிறுத்திவைத்திருக்கும் மக்களவை இடங்கள் மாறினால் நமக்கு என்ன ஆகும் என்று டீக்கடையிலேயே பேசுகிறார்கள். அந்த நிறுத்தத்தை நீட்டிக்க வேண்டுமென்றால் அரசியல் சட்டத் திருத்தம் வேண்டும். மாநிலங்களவையிலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். அங்கேயும் உத்தரப் பிரதேசத்துக்கு 31, நமக்கு 18, சிக்கிமுக்கு 1 என்று மக்கள்தொகைதான் பேசுகிறது. அமெரிக்காவைப் போல மாநிலத்துக்கு இரண்டு என்ற சமம் கிடையாது. இருந்தாலும் அந்தப் பதினெட்டும் நம்முடையது. அதைக் கட்டுரையாளர் சுலபமாக விட்டுக்கொடுக்கிறார்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு முறையும் 'ராஜ்யசபா ரேஸில் யார் யார்?' என்று நான்கு பக்கம் போடுகிறீர்கள். நானும் அதைத்தான் முதலில் புரட்டுகிறேன், மறைக்கவில்லை. அடுத்த முறை ஆறு பேர் ஓய்வு பெறும்போது, அந்த நான்கில் ஒரு பக்கத்தை அவர்களுக்கு ஒதுக்குங்கள். ஆறு வருஷத்தில் என்ன கேள்வி கேட்டார்கள், எந்தக் குழுவில் உட்கார்ந்தார்கள், எத்தனை நாள் வந்தார்கள், ஓட்டு எண்ணிய மசோதாக்களில் எப்படி ஓட்டுப் போட்டார்கள். எல்லாம் நாடாளுமன்ற இணையதளத்தில் கிடைக்கிற விவரம்தான். தி.மு.க.வின் திருச்சி சிவா 2015-இல் தனிநபர் மசோதா (அமைச்சர் அல்லாத உறுப்பினர் கொண்டுவருவது) ஒன்றை, திருநங்கையர் உரிமைக்காக, அந்தச் சபையில் நிறைவேற வைத்ததை என் மாணவர்களில் எத்தனை பேர் அறிவார்கள் என்று எனக்குச் சந்தேகம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
பெரம்பூர், சென்னை.