விமர்சகரோடு ஒரு பிள்ளையையும் அனுப்புங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தண்டையார்பேட்டையில் வீட்டிலேயே டியூஷன் எடுப்பவள் நான். 3-ம் வகுப்பிலிருந்து 8-ம் வகுப்பு வரை 11 பிள்ளைகள் வருகிறார்கள். முழுப்பரீட்சை முடிந்ததும் எல்லாரையும் ஒரு படத்துக்குக் கூட்டிப்போவது எங்கள் வழக்கம். அகஸ்தியா தியேட்டர் இருந்தவரை கைகோத்து வரிசையாக நடந்தே போய் வந்துவிடுவோம், அதை மூடிய பிறகு மெட்ரோ, மால், எஸ்கலேட்டரில் ஏற மாட்டேன் என்று ஒருத்தி அழுவது என்று அது ஒரு பெரிய பயணமாகவே ஆகிவிட்டது. இந்தத் தடவை எந்தப் பொம்மைப் படம் (அதான், அனிமேஷன்) என்று உங்கள் சினிமா பக்கத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்தேன். குழந்தைகளுக்குக் கொண்டாட்டம், பெரியவர்களும் ரசிக்கலாம் என்று விமர்சனத்தின் கடைசி வரியில் போட்டிருந்தது. பிள்ளைகள் 11 பேர், நான், என் மாமியார், துணைக்கு வந்த ஒரு அம்மா என்று மொத்தம் 14 பேர். டிக்கெட் 190 ரூபாய், 3டி கண்ணாடிக்கு 30 ரூபாய், ஆக 3,080 ரூபாய். பாப்கார்ன் கணக்கை நான் சொல்லப் போவதில்லை, என் வீட்டுக்காரரும் இந்தப் பத்திரிகை படிப்பவர்.

படத்தின் பெயரைச் சொல்லி அதன் பிழைப்பைக் கெடுக்க எனக்கு விருப்பமில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன். முதல் அரைமணி நேரத்தில் நான்கு பேர் ஒண்ணுக்குப் போனார்கள். நாலு பேருக்கும் ஒரே நேரத்தில் வருமா என்று கேட்காதீர்கள், போரடித்தால் வரும், டியூஷன் எடுக்கிற எவரைக் கேட்டாலும் சொல்வார்கள். எனக்கு முன்வரிசையில் அப்பாக்களின் செல்போன் வெளிச்சம் ஒவ்வொன்றாக எரிய ஆரம்பித்தது. திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு நான் பிள்ளைகளின் தலைகளைப் பார்த்தேன். படம் பிடித்திருந்தால் தலை அசையாது, கை மட்டும் பாப்கார்னுக்கும் வாய்க்கும் தானாகப் போய் வரும். அன்றைக்கு 11 தலைகளும் 11 திசையில் இருந்தன.

இடையிடையே பெரியவர்கள் மட்டும் சிரித்தார்கள். தமிழில் டப் செய்தவர்கள் பழைய படங்களின் பன்ச் வசனத்தையும் போன மாதத்து மீம்ஸையும் அங்கங்கே சொருகியிருந்தார்கள். ஒரு ஆமை வாயைத் திறந்தால் நம்ம ஊர் ஹீரோ மாதிரி பேசுகிறது, நாம் சிரிக்கிறோம், பக்கத்தில் இருக்கிற பிள்ளை நம் முகத்தைப் பார்த்து “இன்னா மிஸ், எதுக்கு சிரிக்கிறீங்க?” என்று கேட்கிறது. நீங்கள் எழுதிய ‘பெரியவர்களும் ரசிக்கலாம்’ இதுதான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பிள்ளைகளுக்கு ஓட்டமும் சாட்டமும், பெரியவர்களுக்குத் தனியாக நாலு ஜோக். சேர்ந்து உட்கார்ந்திருக்கிறோமே தவிர சேர்ந்து ஒரு படம் பார்க்கவில்லை.

என் கணக்கு வேறு. ஒரே காட்சியில் பிள்ளை ஒரு வாசல் வழியாகவும் பெரியவர் இன்னொரு வாசல் வழியாகவும் உள்ளே நுழைய வேண்டும், அப்படி நுழைந்து இரண்டு பேரும் உள்ளே சந்தித்துக்கொண்டால் அதுதான் குடும்பப் படம். எல்லாப் படத்தையும் நான் தியேட்டரில் காட்டுவதில்லை, சனிக்கிழமை சாயங்காலம் வீட்டு டிவியில் பென்டிரைவ் போட்டும் பார்ப்போம். 2003-ல் வந்த ‘ஃபைண்டிங் நீமோ’வை அப்படித்தான் போட்டேன். காணாமல் போன மீன் குஞ்சைத் தேடி அப்பா மீன் கடல் முழுக்க அலைகிற கதை. பிள்ளைகள் நீமோ பக்கம், வெளியே போகணும், அப்பா விட மாட்டேன் என்கிறார், அவ்வளவுதான் அவர்கள் கதை. கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த அம்மாக்கள் அப்பா மீன் பக்கம். கடைசியில் மீன்கள் எல்லாம் வலையில் மாட்டிக்கொள்ளும், எல்லாரும் கீழே பார்த்து நீந்துங்கள் என்று நீமோ சொல்லும், எல்லாமாகச் சேர்ந்து இழுத்ததில் வலை தாங்கிய கம்பு முறிந்து மொத்த வலையும் கடலுக்குள் விழும். எல்லாப் பிள்ளைகளும் கைதட்டினார்கள், காசிமேட்டிலிருந்து வருகிற ஒருவன் மட்டும் தட்டவில்லை. “வல மொத்தமா போச்சே மிஸ், எவ்ளோ தெரியுமா ஒரு வல?” என்றான். அவன் அப்பா விசைப்படகில் போகிறவர். அம்மாக்கள் எல்லாம் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள், சிரிக்கவும் முடியவில்லை. 100 நிமிடப் படத்தில் பிள்ளை பெரியவராகவும் பெரியவர்கள் பிள்ளைகளாகவும் இடம் மாறிக்கொண்ட இடம் அது. இதை எந்த விமர்சனத்தில் எழுதுவீர்கள்? எத்தனை ஸ்டார் போடுவீர்கள்?

அப்புறம் 2009-ல் வந்த ‘அப்’. ஆரம்பத்தில் ஒரு சில நிமிடங்களுக்கு வசனமே கிடையாது, வெறும் இசை, ஒரு புருஷன் பெண்டாட்டியின் முழு வாழ்க்கையும் ஓடி முடிந்துவிடும். ஊர் சுற்றிப் பார்க்க வேண்டும் என்று ஒரு கண்ணாடி ஜாடியில் காசு சேர்ப்பார்கள். வண்டி டயருக்கு ஒரு தடவை, அவர் கால் உடைந்ததற்கு ஒரு தடவை, மரம் விழுந்து கூரை போனதற்கு ஒரு தடவை என்று அந்த ஜாடியை உடைத்துக்கொண்டே இருப்பார்கள். என் மாமியாருக்கு இங்கிலீஷ் தெரியாது. ஜாடி மூன்றாவது தடவை உடைந்தபோது “நம்ம சீட்டுக் காசு மாதிரிதான்” என்று சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினார். பிள்ளைகளுக்கு அந்த இடத்தில் அவ்வளவாக ஒன்றும் இல்லை, உண்மையைச் சொன்னால் இரண்டு பேர் எழுதுகிற அட்டையால் ஒருத்தரை ஒருத்தர் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் பலூனைக் கட்டிக்கொண்டு வீடு மேலே கிளம்பியதும் அட்டை கீழே விழுந்தது. வியாசர்பாடியிலிருந்து வருகிற பெண் (2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் அவர்கள் வீட்டில் இடுப்பளவு தண்ணீர்) “வெள்ளம் வந்தா இப்படியே தூக்கினு போயிடலாம் மிஸ்” என்றாள். சும்மா பலூன் வேடிக்கை என்று நான் நினைத்திருந்த காட்சி அது. அன்றைக்கு அவள் சொல்லித்தான் எனக்கு அது புரிந்தது.

சண்டை இல்லாவிட்டால் பிள்ளைகள் உட்கார மாட்டார்கள் என்று ஒரு பேச்சு இருக்கிறது, உங்கள் விமர்சனங்களிலும் ‘வேகம் குறைவு’ என்றால் உடனே அரை ஸ்டார் குறைந்துவிடும். ஜப்பானில் மியாசாகி 1988-ல் எடுத்த ‘மை நெய்பர் டோட்டோரோ’வில் வில்லனே கிடையாது. அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறார், அக்காவும் தங்கையும் அப்பாவோடு கிராமத்து வீட்டுக்குக் குடிவருகிறார்கள், மரத்தடியில் குண்டாக ஒரு பிராணி தூங்குகிறது. இவ்வளவுதான். 11 பேரும் அசையாமல் பார்த்தார்கள். அந்த அம்மாவுக்கு என்ன என்று யாரும் கேட்கவில்லை, “ஸ்டான்லியில சேத்துக்கிறாங்களா?” என்று எங்கள் பக்கத்து அரசு ஆஸ்பத்திரியைச் சொல்லி ஒருத்தன் கேட்டான், அவ்வளவுதான். அம்மாவுக்குக் கொடுக்க அந்தச் சின்னப் பெண் ஒரு மக்காச்சோளத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தனியாகக் கிளம்பிய இடத்தில் என் பக்கத்தில் இருந்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அங்கே வேகம் எதற்கு?

டப்பிங் விஷயத்துக்குத் திரும்புகிறேன், அதில் எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. 2015-ல் வந்த ‘இன்சைடு அவுட்’ படத்தில் கைக்குழந்தை ஒன்று ப்ரோக்கோலியைப் பார்த்து முகம் சுளிக்கும். ஜப்பானில் வெளியிடும்போது அதைப் பச்சைக் குடைமிளகாயாகவே மாற்றி வரைந்து அனுப்பினார்கள், ஏனென்றால் அங்கே பிள்ளைகள் தட்டில் ஒதுக்குவது குடைமிளகாயைத்தான். படத்தையே மாற்ற நம்மால் முடியாது, சரி. ஆனால் யோசனை எந்தப் பக்கம் போகிறது பாருங்கள். அவர்கள் பிள்ளையின் தட்டைப் பார்த்தார்கள். நம் டப்பிங்கில் பெரியவர்களின் செல்போனைப் பார்க்கிறார்கள். நம்ம பிள்ளை எதை ஒதுக்கும் என்று என்னைக் கேட்டிருந்தால் பாகற்காய் என்று சொல்லியிருப்பேன், காசு கூட வாங்கியிருக்க மாட்டேன். 2007-ல் சுட்டி டிவி வந்தபோது கார்ட்டூனெல்லாம் தமிழில் பேசியதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இன்றைக்கு அப்பா அம்மா ஆகிவிட்டார்கள், நல்ல டப்பிங் எது என்று அவர்களுக்குக் காது இருக்கிறது. அதையும் உங்கள் விமர்சனத்தில் ஒரு வரி எழுதலாமே. தமிழ்ப் பதிப்பு உண்டா, எந்தக் காட்சிக்கு உண்டு என்றுகூட நீங்கள் போடுவதில்லை. பல இடங்களில் காலை 10 மணிக்கு ஒரே ஒரு ஷோ, மற்றதெல்லாம் இங்கிலீஷ். கார்ப்பரேஷன் பள்ளியில் 4-ம் வகுப்பு படிக்கிற பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய தகவல் தெரியுமா?

இடைவேளை என்று ஒன்று. வெளிநாட்டுக்காரன் இடைவேளை வைத்துப் படம் எடுப்பதில்லை, இங்கே ஆபரேட்டர் எங்கே நிறுத்துகிறாரோ அதுதான் இடைவேளை. பாதி வசனத்தில், ஒரு தடவை பாதித் தும்மலில் நிறுத்தினார்கள். இதற்கு உங்களைக் குறை சொல்ல முடியாது, சும்மா சொன்னேன்.

வயது விஷயம் முக்கியம். முன்பு சென்சார் சான்றிதழில் யு/ஏ என்றால் 12 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்குப் பெரியவர் துணை வேண்டும் என்று மொத்தமாக ஒன்றே ஒன்றுதான். 2023-ல் சட்டத்தைத் திருத்தி அதை 7, 13, 16 என்று மூன்றாகப் பிரித்துவிட்டார்கள். நல்ல காரியம். ஆனால் போஸ்டரின் மூலையில் எறும்பு அளவுக்கு இருக்கிற அந்த எண்ணை யார் பார்க்கிறார்கள்? ஸ்டார் போடுகிற இடத்தில் அதையும் பெரிதாகப் போடுங்கள். அதோடு எந்த இடத்தில் பயம் வரும் என்று கதையை உடைக்காமல் ஒரு வரி. 2025 ஜூலையில் ‘மகாவதார் நரசிம்மா’ என்ற பொம்மைப் படம் தமிழிலும் ஓடியது, எங்கள் தெருப் பாட்டிகள் பல வருடம் கழித்து தியேட்டருக்குக் கிளம்பினார்கள். தூணிலும் இருப்பான் துரும்பிலும் இருப்பான் என்று அவர்களுக்குக் கதை மனப்பாடம், தூண் எப்போது வெடிக்கும் என்று காத்திருந்தார்கள். பிள்ளைகளுக்குத் தெரியாது, ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள், பாட்டிகள் பெருமையாகச் சொல்லிக்கொண்டே வந்தார்கள். தியேட்டரில் இப்படிப் பேசினால் எனக்குப் பொதுவாகப் பிடிக்காது, அன்றைக்குப் பிடித்தது. ஆனால் கடைசியில் என்னோடு வந்த 7 வயதுக்காரி பாட்டி முந்தானைக்குள் போனவள் விளக்கு போட்ட பிறகுதான் வெளியே வந்தாள். 12 வயதுப் பையன்களோ எழுந்து நின்றுவிட்டார்கள். ஒரே படம்தான். ‘குழந்தைகளுக்குப் பிடிக்கும்’ என்று எழுதினால் அது எந்தக் குழந்தை?

இது உங்கள் விமர்சகரின் தப்பு என்றும் நான் சொல்ல வரவில்லை. பத்திரிகைக்காரர்களுக்கென்று தனியாகக் காட்சி போடுகிறார்கள், அங்கே எல்லாரும் பெரியவர்கள், ஏசி, ஒரு காபி. பொம்மைப் படத்துக்கு எவ்வளவு இடம் என்று நீங்கள் கொடுப்பதே ஒரு கால் பத்திதான். அதற்குள் அவர் தனக்குப் பிடித்ததா என்று யோசிக்கிறார், பிடிக்கவில்லை என்றால் ‘குழந்தைகளுக்குப் பிடிக்கலாம்’ என்று தள்ளிவிடுகிறார். ரசம் தண்ணியாகப் போனால் பிள்ளைக்கு ஊற்று என்போமே, அது மாதிரி. பெரியவர்களே அலுத்துப்போகிற படம் பிள்ளைகளுக்கு மட்டும் எப்படி இனிக்கும்? அவர்களுக்கு அலுப்பு எங்களைவிட வேகமாக வருகிறது, மரியாதைக்காக உட்கார்ந்திருக்கவும் தெரியாது.

அதனால் இனி பொம்மைப் படம் வந்தால், அவர் பிரிவியூ காட்சிக்குப் போகாமல் ஞாயிற்றுக்கிழமை டிக்கெட் எடுத்துப் போகட்டும். இரண்டு நாள் தாமதமாக எழுதினால் ஒன்றும் குடி மூழ்கிவிடாது. கூட 7 வயதில் ஒன்று, 12 வயதில் ஒன்று, முடிந்தால் ஒரு பாட்டி. வீட்டில் பிள்ளைகள் இல்லாதவர் என்றால் என்னிடம் 11 இருக்கிறார்கள். காலாண்டுப் பரீட்சை லீவில் அடுத்த படம் போகிறோம், காலை 10 மணிக் காட்சி, தண்டையார்பேட்டை மெட்ரோ வாசலில் 8.30-க்கு நிற்போம், அவர் தாராளமாக வரலாம். ஓர சீட்டு மட்டும் கேட்கக் கூடாது. அது ஒண்ணுக்குப் போகிறவனுக்கு.

இப்படிக்கு,
ஒரு டியூஷன் மிஸ்,
தண்டையார்பேட்டை, சென்னை